ஒற்றைப்படை நொடிகள்

கடிதத்தை இரண்டாம் முறை படித்து முடித்ததும் அடிக்கோடு அதை நான்காக மடித்தாள். மடித்த வேகத்திலேயே திருப்புளிக்குத் தெரிந்துவிட்டது, அண்ணிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது என்று.

"கசக்கிடாதீங்க அண்ணி. அது இந்த டெக்னீஷியனோட சஸ்பென்ஷன் ஆர்டர். நமக்கு வேணும்னா ஒரு ஜெராக்ஸ் எடுத்து, ஆசை தீரக் கசக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் புரூஃப் பார்த்தவள். பிழை கண்ட இடத்தில் சிவப்புப் பேனாவால் அவள் போட்ட கோடுகள்தான் அவளுக்குப் பெயராகவும் ஆகிவிட்டன. அச்சகத்தை மூடியபின் துப்பறியும் தொழிலுக்கு வந்தாள். வேலை ஒன்றுதான் என்பாள், முன்பு எழுத்தில் தேடியதை இப்போது ஆட்களிடம் தேடுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்பாள். கூடவே ஒட்டிக்கொண்டவன் அவள் கணவனின் தம்பி. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்தி, வாய் கொடுத்தே வாடிக்கையாளர்களை விரட்டி, நாற்பது வயதில் அண்ணியிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். அதுவே அவன் பெயர்.

அவர்கள் நின்றிருந்தது ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், தண்ணீர் அறையில். ஆளுயர நீலத் தொட்டிகள் மூன்று. குழாய்கள் சுவரேறி மாடிக்குப் போயின. அங்கே ஆறு டயாலிசிஸ் இயந்திரங்களுக்கு இங்கிருந்துதான் சுத்தமான தண்ணீர் போகவேண்டும். மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. மூலையில் செருப்புப் பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, பச்சை விளக்கோடு.

"அதுதாங்க கன்ட்ரோல் பெட்டி" என்றார் தண்ணீர் டெக்னீஷியன். முப்பத்தெட்டு வயது. சட்டை தொளதொளத்தது, இரண்டு வாரத்தில் இளைத்திருக்கிறார். "பதினஞ்சு வருஷப் பழசு. உள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர். நகம் அளவு ஒரு கார்டைப் படிச்சுத்தான் அது கண்ணு முழிக்கும். பூட் கார்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கார்டு செத்துப்போகும். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் கருவி இருக்கு, அதுல புது கார்டு எழுதிப் போட்டா பத்தே நிமிஷம், பெட்டி எழுந்து உட்கார்ந்துடும். பதினோரு வருஷமா நான்தான் எழுதறேன்."

"இந்த வருஷம்?"

"செவ்வாய்க்கிழமை கார்டு செத்துச்சு. நான் போய்ப் பார்த்தா கருவியைக் காணோம். அதுக்கு முந்தின வாரம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புதுசாக்கியிருக்காங்க. புதுப் பதிப்புல பழைய கருவியைத் தூக்கிட்டாங்களாம். அதுக்குப் பதிலா புதுக் கருவி. அதுல நாலு கார்டு எழுதினேன். பெட்டி திரும்பிக்கூடப் பார்க்கல."

திருப்புளி இடையில் புகுந்து அண்ணிக்கு விளக்கினான். "இது ஓப்பன் சோர்ஸ் சிஸ்டம் அண்ணி. ஊரெல்லாம் இருக்கற ஆளுங்க சும்மா எழுதிக் குடுக்கறது. யார் வேணா எடுத்துக்கலாம், திருத்தலாம். எதை வெச்சுக்கறது எதைத் தூக்கறதுன்னு ஒரு குழு முடிவு பண்ணும். சும்மா வர்றதுதானேன்னு யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க. எங்க அண்ணன் உங்க சமையலைச் சாப்பிடற மாதிரி."

"அப்புறம்?" என்றாள் அவள், டெக்னீஷியனிடமே.

"ரெண்டு நாள் தண்ணி இல்லை. நோயாளிங்களை வேன்ல வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வியாழக்கிழமை காலைல..." அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு கண்டக்டர். நாலு வருஷமா வாரத்துக்கு மூணு தடவை வருவார். என்னை எங்க பார்த்தாலும், 'மாப்ளே, இன்னிக்குத் தண்ணி இனிக்குதா'ன்னு கேப்பார். வேன் ஒரு சிக்னல்ல நிக்கும்போதே போயிட்டார். அன்னிக்குச் சாயங்காலம் ஸ்டோர் ரூம்ல ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கண்டுபிடிச்சேன். அதுல பழைய கருவி இருந்துச்சு. பத்து நிமிஷம்தான். பெட்டி எழுந்துடுச்சு. ஒரே ஒரு நாள் முன்னாடி அந்த ரூமைத் திறந்திருந்தா..."

அடிக்கோடு அந்த வாக்கியத்தை முடிக்க விடவில்லை. "உங்க மேல என்ன குற்றம்?"

"கார்டை நான் தப்பா எழுதிட்டேனாம். அந்தக் குழுவுக்கு எங்க ஆஸ்பத்திரி நிர்வாகி எழுதிக் கேட்டார். அவங்க ஒரு மெயிலை அனுப்பி வெச்சாங்க. பழைய கருவியை உண்டாக்கின அம்மாவே ரெண்டையும் சோதிச்சுப் பார்த்து, புதுக் கருவியும் அச்சா அதே மாதிரிதான் எழுதுது, பழசைத் தூக்கிடலாம்னு சம்மதம் குடுத்திருக்காங்க. அப்போ கோளாறு என் கையிலதானே? இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணை. கண்டக்டரோட சம்சாரமும் வர்றாங்க. அவங்க முகத்தை நான் எப்படிங்க பார்ப்பேன்?"

"நீங்க முன்னாடியே அவங்களுக்குச் சொல்லலையா, இந்தக் கருவி எங்களுக்கு வேணும்னு?"

"சொன்னேங்க. அவங்க இணையப் பக்கத்துல எழுதினேன். 'படிவம் முழுமையாக இல்லாததால் மூடப்பட்டது'ன்னு ரெண்டே நொடியில பதில் வந்துச்சு."

அடிக்கோடு கையை நீட்டினாள். திருப்புளி அந்தச் சம்மத மெயிலை அச்செடுத்து வந்திருந்தான். முதலில் மூன்று வரி. பிறகு எட்டுப் பக்கத்துக்கு ஆதாரம். பழைய கருவி எழுதிய கார்டில் என்னென்ன கோப்புகள், ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் எத்தனை மணி, நிமிடம், நொடிக்கு எழுதப்பட்டது என்று நெடும் பட்டியல்.

"எட்டுப் பக்கம் வெறும் நம்பர். இதை யார் படிப்பாங்க?" என்றான் திருப்புளி.

"நான் படிப்பேன்."

கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து படித்தாள். முக்கால் மணி நேரம். டெக்னீஷியன் இரண்டு முறை காபி வேண்டுமா என்று கேட்டார், அவள் காதில் விழவில்லை. படித்து முடித்ததும் எழுந்து சுவரருகே போனாள். ஓர் ஆணியில் பழுப்பேறிய தாள்கள் குத்தியிருந்தன.

"இது என்ன?"

"நான் ஒவ்வொரு தடவை கார்டு எழுதும்போதும் கருவி அடிச்சுக் குடுக்கற பட்டியல். சும்மா குத்தி வெச்சிருக்கேன். பதினோரு வருஷத்துது."

அவள் ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தாள். விரல் கடைசிப் பத்தியிலேயே இறங்கிக்கொண்டு போனது. கடைசித் தாளில் விரல் நின்றது. கண்ணில் ஒரு மாதிரியான வெளிச்சம்.

"தம்பி, இங்க வா. நொடியை மட்டும் படி. சத்தமா."

"ரெண்டு. பதினாலு. முப்பத்தெட்டு. நாப்பது. அம்பத்தாறு..."

"இப்ப இந்த மெயில்ல படி."

"பதிமூணு. இருபத்தேழு. நாப்பத்தொண்ணு. அம்பத்தொம்பது. ஏழு." அவன் நிமிர்ந்தான். "அட!"

"பதினோரு வருஷத்துத் தாள்ல ஒத்தைப்படை நொடி ஒண்ணுகூட இல்லை. மெயில்ல இரட்டைப்படை ஒண்ணுகூட இல்லை. ஏன்?"

திருப்புளி தன் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டான். "பழைய கார்டு முறையில, நேரம் எழுதக் குடுத்த இடம் ரொம்பச் சின்னது அண்ணி. அறுபது நொடி அதுல அடங்காது. அதனால ரெண்டு நொடிக்கு ஒண்ணுன்னு முப்பதுதான் எண்ணும். ஒத்தைப்படையை அதால எழுதவே முடியாது. நொண்டியாட்டம் ஆடற மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு குதிச்சுத்தான் போகும்."

"அப்போ இந்தப் பட்டியல்?"

"எந்தக் கார்டுலேர்ந்தும் வந்ததில்லை. யாரோ உக்காந்து கையால அடிச்சிருக்காங்க. சோதனையே நடக்கல!"

டெக்னீஷியன் வாளியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். இரண்டு வாரமாகத் தன் கைகளையே சந்தேகித்த மனிதர். இப்போது அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"உண்டாக்கின அம்மாவுக்கு இது தெரியாம இருக்குமா?" அடிக்கோடு பையை எடுத்தாள். "அவங்க பேர்ல வேற யாரோ எழுதியிருக்கான். கருவியைத் தூக்கியே ஆகணும்னு அவசரப்பட்டவன். வா."

*

அந்தக் குழுவின் வெளியீட்டுத் தலைவருடைய அறை நான்காவது மாடியில், மூன்று பக்கமும் கண்ணாடி. ஒவ்வொரு பதிப்பிலும் எது இருக்கும், எது போகும் என்று கையெழுத்திடுகிறவர் அவர்தான். இஸ்திரி கலையாத சட்டை, சோப்புப் போட்டுக் கழுவிய மாதிரிப் பேச்சு.

"ரொம்ப வருத்தமான சம்பவம். ஆனா நாங்க முறைப்படிதான் செஞ்சோம். தொண்ணூறு நாள் அவகாசம் குடுத்தோம். இந்தப் பழைய கருவியை யாராவது பயன்படுத்தறீங்களான்னு கேட்டோம். ஒருத்தரும் பதில் சொல்லல."

"ஆஸ்பத்திரி டெக்னீஷியன் சொன்னாரே?"

"படிவம் முழுசா நிரப்பியிருக்க மாட்டார். அது தானா மூடிக்கும்."

"தானா மூடிக்க அது என்ன கதவா? ஒரு மனுஷன் எழுதின கடுதாசிங்க."

"மேடம், ஒரு நாளைக்கு எனக்கு நானூறு மெயில் வருது."

"எங்க அண்ணிக்கு எட்டுப் பக்கம் வந்துச்சு, முக்கால் மணி நேரம் ஆச்சு" என்றான் திருப்புளி, அவர் திரையை எட்டிப் பார்த்தபடி. "உங்களுக்கு இந்த மெயில் வந்தது நாலு பத்துக்கு. நீங்க 'நன்றி, நீக்கிவிட்டோம்'னு பதில் போட்டது நாலு பதினாலுக்கு. பக்கத்துக்கு அரை நிமிஷம். நீங்க படிச்சீங்களா, இல்லை ஃபேனுக்கு நேரா பிடிச்சுப் புரட்டினீங்களா?"

தலைவரின் காது சிவந்தது. அடிக்கோடு இரண்டு தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நொடிகளுக்குக் கீழே சிவப்புக் கோடு.

"இந்த மெயில் பொய். நீங்கதானே எழுதினீங்க?"

"நானா?"

"கருவி போகணும்னு உங்களுக்குத்தான் அவசரம்."

அவர் தாள்களைப் பார்த்தார். முதலில் எரிச்சலோடு, பிறகு மெதுவாக. ஒற்றைப்படை. ஒற்றைப்படை. ஒற்றைப்படை. முகம் வெளுத்தது. நடிப்பில்லை என்று அடிக்கோட்டுக்குப் பட்டது. இந்த எட்டுப் பக்கத்தை அவர் இப்போதுதான் முதன்முதலாகப் படிக்கிறார். அது அவள் கோபத்தைத் தணிக்கவில்லை. எண்ணெய்தான் வார்த்தது.

"நான் எழுதல. எழுதவும் முடியாது. இங்க பாருங்க" என்று திரையைத் திருப்பினார். மெயிலின் மேல் ஒரு பச்சைக் குறி. "டிஜிட்டல் கையெழுத்து. அந்த அம்மாகிட்ட இருக்கற சாவியைச் செருகினாத்தான் இது பச்சையா வரும்."

அடிக்கோடு திருப்புளியைப் பார்த்தாள். அவன் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினான். "சுத்தமா இருக்கு அண்ணி. கள்ளக் கையெழுத்து இல்லை."

தலைவர் சட்டென்று நிமிர்ந்தார். பறிபோன நிறம் திரும்பி வந்துகொண்டிருந்தது. "அப்போ யாரோ அவங்க சாவியைத் திருடியிருக்கான்! எங்களை ஏமாத்தியிருக்கான்! பாதிக்கப்பட்டவங்களே நாங்கதான் மேடம். விசாரணை நாலு மணிக்குத்தானே? நானே வந்து சொல்றேன்."

ஒரு மனிதர் செத்திருக்கிறார், இந்த ஆளுக்குப் பண்டிகை வந்த மாதிரி முகம் மலர்கிறது. அடிக்கோடு பேனாவின் மூடியை அழுத்திய அழுத்தலில் அது விரிசல் விட்டது.

"கண்டிப்பா வாங்க" என்றாள்.

*

பழைய கருவியை உண்டாக்கிய அம்மாள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அறுபதை நெருங்கும் வயது. மூன்றாம் மாடி வீட்டுக் கதவைத் திறந்தபோது கையில் கிரீஸ் இருந்தது. வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கூடம் சின்னது. சுவரோரம் கயிற்றுச் சக்கரம் ஒன்று, பிரித்துப் போட்ட மோட்டார் ஒன்று, மேசைமேல் கம்ப்யூட்டர்.

"லிஃப்ட்டோட கன்ட்ரோல் பெட்டிகளுக்காகத்தான் முதல்ல எழுதினேன். பத்தொம்பது வருஷம் ஆச்சு" என்றார். "வேலை முடிஞ்சு வந்து, ஞாயித்துக்கிழமையில... சரி, அது எதுக்கு இப்போ. நீங்க என்ன விஷயமா வந்தீங்க?"

"உங்க பேர்ல யாரோ ஒரு பொய் மெயில் அனுப்பியிருக்காங்கம்மா" என்றாள் அடிக்கோடு. "சோதிச்சுப் பார்த்தேன், கருவியைத் தூக்கலாம்னு. உங்க சாவியை யார் எடுத்திருக்க முடியும்?"

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துணி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது.

"பொய்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நொடியெல்லாம் ஒத்தைப்படை."

துணி நின்றது. அந்த அம்மாள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அழுகையா சிரிப்பா என்று புரியாத ஒரு சத்தம்.

"ஆறு மாசம்" என்றார். "ஆறு மாசமா இந்த ஒரு வார்த்தையை யாராவது வந்து சொல்ல மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

திருப்புளி அண்ணியின் பக்கம் திரும்பினான்.

"சாவியை யாரும் திருடல. அதை எழுதினது நான்தான்."

அடிக்கோடு காலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கணக்கு முழுவதும் தலைகீழானது.

அந்த அம்மாள் இழுப்பறையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து நீட்டினார். "முதல் அறிவிப்பு வந்த அன்னிக்கே எழுதினேன், தூக்காதீங்க, சின்னச் சின்ன ஆஸ்பத்திரியில எல்லாம் இதை வெச்சுத்தான் பிழைக்கறாங்கன்னு. பதில் இல்லை. ரெண்டாவது தடவை எழுதினேன். பதில் இல்லை. மூணாவது தடவை கெஞ்சியே எழுதினேன். மூணு தடவை வேண்டாம்னு சொன்னதுக்கு ஒரு வரி வரல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இவங்க படிக்கறாங்களா இல்லையான்னு பார்த்துடலாம்னு தோணிச்சு. தலைப்புல 'சம்மதம்'னு போட்டேன். நடக்கவே முடியாத ஒரு பட்டியலை அடிச்சேன். இந்தக் கருவியைத் தெரிஞ்சவன் ஒருத்தன் ஒரே ஒரு பக்கம் பார்த்தாப் போதும், 'என்னம்மா இது, ஒத்தைப்படையா இருக்கே'ன்னு போன் பண்ணுவான். பண்ணினா நல்லா நாலு வார்த்தை கேக்கலாம்னு இருந்தேன். நாலே நிமிஷத்துல 'நன்றி, நீக்கிவிட்டோம்'னு வந்துச்சு."

"உடனே இல்லைன்னு சொல்லியிருக்கலாமே!" அடிக்கோட்டின் குரல் உயர்ந்தது.

"சொல்லியிருக்கலாம். கோபம். பத்தொம்பது வருஷக் கோபம். போங்கடா, நீங்களாச்சு உங்க சிஸ்டமாச்சுன்னு அந்தக் கம்ப்யூட்டரையே அணைச்சு வெச்சேன். கெட்டா அவங்க பேர்தானே கெடும்னு நெனைச்சேன்."

அவருக்குத் தெரியாது. அது அடிக்கோட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரி, தண்ணீர், வேன் எதுவுமே அந்த அம்மாள் காதுக்கு வரவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும், ஆனால் மெதுவாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"ஒரு ஆள் செத்துட்டாரும்மா."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"டயாலிசிஸ் நோயாளி. ஒரு பஸ் கண்டக்டர். உங்க கருவி இல்லாம தண்ணி மெஷின் ரெண்டு நாள் எழுந்திரிக்கல. நீங்க வெச்ச பரிட்சையில ஃபெயிலானது அந்தத் தலைவர். தண்டனை கண்டக்டருக்கு. பழி, பதினோரு வருஷம் தண்ணியைப் பார்த்துக்கிட்ட ஒரு டெக்னீஷியனுக்கு."

அந்த அம்மாள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவை யாருடையவோ என்பதுபோல் பார்த்தார். கண்ணீர் வரவில்லை. முகம்தான் ஒரே நிமிடத்தில் பத்து வயது கூடிப்போனது.

திருப்புளி தொண்டையைச் செருமினான். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. சாவி திருட்டுன்னே இருக்கட்டுமே. சோதனை பொய்னு ஆயிடுச்சு, டெக்னீஷியன் தப்பிச்சுடுவார். தலைவரே வந்து திருட்டுன்னு சொல்றேங்கறார். இவங்களும் தப்பிச்சுடுவாங்க. யாருக்கும் நஷ்டமில்லை."

"பிழையைக் கண்டுபிடிச்சு மூடி வெக்கறதுக்கா இருபத்திரண்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கிட்டேன்?" என்று சீறினாள் அடிக்கோடு. ஆனால் அவள் மேலே பேசுமுன் அந்த அம்மாள் எழுந்துவிட்டார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், நகக்கண் வரை. மூன்று தாள்களையும் பையில் வைத்தார்.

"எத்தனை மணிக்கு விசாரணை?"

*

ஆஸ்பத்திரியின் மீட்டிங் அறையில் நீள மேசை. நிர்வாகி நடுவில், டெக்னீஷியன் ஓரத்தில் தலை கவிழ்ந்து. எதிரே கண்டக்டரின் மனைவி, மடியில் கைப்பை, முதுகு நாற்காலியில் படாமல். வெளியீட்டுத் தலைவர் முதலிலேயே பேச எழுந்துவிட்டார். அச்செடுத்த தாள்களை வரிசையாகப் பரப்பினார். ஒற்றைப்படை நொடிகளை, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல் விளக்கினார்.

"ஆக, சோதனையே நடக்கல. டெக்னீஷியன் மேல தப்பில்லை. யாரோ சாவியைத் திருடி எங்க அமைப்பை ஏமாத்தியிருக்காங்க" என்று முடித்தார்.

"திருடல" என்றார் கதவருகே நின்ற அம்மாள். "நான்தான் எழுதினேன்."

தலைவர் திகைத்தது ஒரு கணம்தான். "பார்த்தீங்களா! பொறுப்பு முழுக்க இவங்களோடது. நாங்க இவங்களை நம்பினோம்."

அந்த அம்மாள் மூன்று தாள்களையும் மேசைமேல் வைத்தார். கண்டக்டரின் மனைவி கையை நீட்டி அவற்றை எடுத்தார். நிதானமாக, மூன்றையும் முழுதாகப் படித்தார். யாரும் அவசரப்படுத்தத் துணியவில்லை.

"சார், இதெல்லாம் உங்களுக்கு எழுதினதுதானே?"

"என் முகவரிக்கு வந்திருக்கலாம்."

"மூணுலயும் வேண்டாம்னு எழுதியிருக்காங்க. ஆஸ்பத்திரின்னுகூட எழுதியிருக்காங்க. படிச்சீங்களா?"

"அம்மா, ஒரு நாளைக்கு நானூறு..."

"படிச்சீங்களான்னு கேட்டேன்."

"இல்லை."

"இவங்க சரின்னு எழுதினதை மட்டும் எப்படிப் படிச்சீங்க?"

அவர் கழுத்துப் பட்டனைத் தொட்டுக்கொண்டார். "தலைப்புல சம்மதம்னு இருந்தா... அது தானா மேல வந்து நிக்கும். அப்படி அமைச்சிருக்கேன்."

"வேண்டாம்னா கீழ போயிடும்."

தலைவர் உட்கார்ந்துவிட்டார். நிர்வாகி சஸ்பென்ஷன் ஆர்டரைக் கேட்டு வாங்கி, குறுக்கே ஒரு கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டார். டெக்னீஷியனுக்கு அதைப் பார்த்து மகிழக்கூடத் தெம்பில்லை. எழுந்து கண்டக்டரின் மனைவி முன்னால் போய் நின்றார். "அக்கா..." என்றார்.

"நீங்க உக்காருங்க தம்பி. உங்களைப் பத்தி அவர் சொல்லாத நாளில்லை." பிறகு அவர் லிஃப்ட் அம்மாள் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது, ஆனால் இளகவில்லை. "உங்க கோபம் எனக்குப் புரியுது. அதுக்காக மன்னிப்பேன்னு நினைக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த சண்டையில என் வீட்டுக்காரர் போயிட்டார். அவருக்கு உங்க ரெண்டு பேரையும் தெரியக்கூடத் தெரியாது."

"ஆமாம்மா" என்றார் அந்த அம்மாள்.

"இந்த மாதிரிப் பெட்டி இன்னும் எங்கெங்க ஓடுது?" என்று கேட்டார் கண்டக்டரின் மனைவி.

அந்த அம்மாள் தலைவரைப் பார்த்தார். தலைவர் மேசையைப் பார்த்தார். இருவருக்கும் தெரியவில்லை.

டெக்னீஷியன்தான் கீழே ஓடிப்போய் ஒரு தடித்த கையேட்டைக் கொண்டுவந்தார். பெட்டியைச் செய்த கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிறது. கடைசிப் பக்கத்தில் மட்டும், பெட்டி பொருத்திய இடங்களின் பட்டியல், போன் நம்பரோடு. நாற்பத்தோரு இடங்கள்.

கண்டக்டரின் மனைவி அந்தப் பக்கத்தைக் கையேட்டிலிருந்து கிழித்தார். நிர்வாகி ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார். கண்டக்டரின் மனைவி தாளை நடுவில் இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை லிஃப்ட் அம்மாள் முன்னால் வைத்தார். மறுபாதியைத் தலைவரிடம் தள்ளினார்.

"போன் பண்ணுங்க. இப்பவே. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

"அம்மா, இதுக்கு ஒரு நடைமுறை இருக்கு. நாளைக்கு ஆபீஸ்ல ஒரு குழு அமைச்சு..." என்று தொடங்கினார் தலைவர்.

அடிக்கோடு எழுந்தாள். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்தது அவள் குரலில் வெடித்தது. "போனை எடுங்க சார்!"

மேசைமேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது. வராந்தாவில் போன நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"நம்பர் நான் படிக்கறேன், நீங்க அழுத்துங்க" என்று திருப்புளி தலைவரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "படிக்கற வேலைதான் உங்களுக்கு ஒத்துக்காதுன்னு தெரியுமே."

தலைவர் எண்களை அழுத்தினார். விரல் ஒருமுறை தவறி, திரும்பவும் அழுத்தினார். ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கண்டக்டரின் மனைவி சைகை காட்டினார். ஐந்தாவது மணியில் யாரோ எடுத்தார்கள். பின்னணியில் ஒரு மோட்டாரின் உறுமல்.

"வணக்கம். நான்... ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் அமைப்புலேர்ந்து பேசறேன். உங்க தண்ணி மெஷினோட கன்ட்ரோல் பெட்டிக்கு பூட் கார்டு எழுதற பழைய கருவி ஒண்ணு. அதை நீங்க... இன்னும் பயன்படுத்தறீங்களா?"

"ஆமா சார், பயன்படுத்தறோம்" என்றது மறுமுனைக் குரல், யாரோ கேட்டதே சந்தோஷம் என்பதுபோல். "ஏன் கேக்கறீங்க?"